கொண்டை ஊசி வளைவில் நின்ற படகு

போன வருஷம் மாசிக் கடைசியில் நடந்தது இது. பெரும்பாறையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. நல்ல காலை வேளை. அந்த ரோட்டில் லாரி நிற்கும், பஸ் நிற்கும், சில நாள் காட்டெருமைகூட வந்து நிற்கும். அன்றைக்கு ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது ஒரு பாய்மரப் படகு. அது எங்களுடைய படகு.

மலையில் படகுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். என் கணவர் கொடைக்கானல் டவுனில் பிறந்தவர். சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தார். வேலையை விட்டுவிட்டு வந்த அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர், "இத்தனை வருஷம் கடல்ல இருந்தேன்னுதான் பேரு. எஞ்சின் ரூமுக்குள்ளயே கெடந்தேன். கடலைச் சரியாப் பாக்கவே இல்ல" என்றார். பாவம் மனுஷர், ராமேஸ்வரம் ஒரு தடவை போய்வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவர் ஒரு படகையே வாங்கிக்கொண்டு வந்து நின்றார். சின்னப் படகுதான். குனிந்து நுழைகிற மாதிரி ஒரு அறை, இரண்டு பேர் படுக்கலாம், ஓரத்தில் ஒரு ஸ்டவ். காற்று அடித்தால் ஓடும். காற்று இல்லாவிட்டால் நகர்த்துவதற்கு ஒரு சின்ன மோட்டார் உண்டு. ஆனால் அதைப் போட அவருக்கு மனசே வராது. எஞ்சின் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மனுஷர்.

நான் பழனிக்காரி. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் குளமும் சண்முக நதியும்தான். முதல் வருஷம் கடலில் வாந்தி எடுத்துக்கொண்டே கிடந்தேன். இரண்டாம் வருஷம் சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் வருஷம் அவர் பாய் கட்டுகிற லட்சணத்தில் குற்றம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இப்போது படகு யாருடையது என்று கேட்டால் இரண்டு பேருமே "என்னோடது" என்போம்.

பெரும்பாறையில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. பழம் பறித்து, காய வைத்து, மூட்டை கட்டி அனுப்பிவிட்டால் அடுத்த மழை வரை பெரிய சோலி கிடையாது. அந்த இடைவெளியில் படகை டிரெய்லரில் வைத்து, பிக்கப் வண்டியில் கோத்து, மலையிறக்கித் தொண்டிக்குக் கொண்டுபோய்க் கடலில் விடுவோம். அதற்கப்புறம் வைகாசி வரை எங்களுக்கு வீடு அதுதான். கரையைப் பார்த்துக்கொண்டே தேவிபட்டினம், மண்டபம் என்று போவோம். காற்று பிடித்தால் ஓட்டம். பிடிக்காவிட்டால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு எங்கள் தோட்டத்துக் காப்பியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மீன்பிடிக்கிறவர்கள் முதலில் எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். படகில் தொங்கும் மலைவாழைத் தாரைக் கண்டதும் பக்கத்தில் வந்தார்கள். ஒரு சீப்புப் பழம் கொடுத்தால் துள்ளத் துள்ள ஒரு மீன் வந்து விழும். கரையோரப் போலீஸ் வந்து எந்த ஊர் என்று கேட்டால் பெரும்பாறை என்போம். அவர்கள் கடற்கரை ஊர்ப் பட்டியல் முழுக்கத் தேடிப்பார்த்துவிட்டு, அப்படி ஒரு குப்பமே இல்லையே என்பார்கள்.

மழைக்காலத்தில் படகைக் கரையில் விட்டுவிட்டு வரலாம்தான். ஐப்பசியில் புயல் என்று டிவியில் சொன்னால் அவருக்குத் தூக்கம் போய்விடும். அதனால் வருஷா வருஷம் படகும் எங்களோடு மலையேறிவிடும். காப்பி காயப்போடும் களத்தின் ஓரத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடக்கும்.

இனி அந்த வளைவுக்கு வருகிறேன். பாய்மரம் படகைவிட நீளமானது. வழக்கமாக அதை மட்டும் கழற்றி, காப்பி மூட்டை ஏற்றுகிற லாரியில் தனியாக அனுப்பிவிடுவோம். போன வருஷம் இரண்டு பேருக்கும் கொஞ்சம் தெம்பு கூடிவிட்டது. நமக்குத் தெரியாத ரோடா என்று சொல்லி, பாய்மரத்தைப் படகின் மேலேயே படுக்கவைத்துக் கட்டிவிட்டோம். பின்பக்கம் ஒரு ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் நான்தான் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டேன். சிவப்புத் துணி பின்னால் வருகிற வண்டிக்குத்தான் தெரியும், பாறைக்குத் தெரியாது.

வளைவில் பிக்கப் திரும்பியது, படகும் திரும்பியது. பாய்மரத்தின் பின்நுனி மேட்டுப் பாறையில் போய் மோதியது. மோதிய வேகத்தில் டிரெய்லரின் பின்பக்கம் உதைபட்டு, பள்ளத்தை ஒட்டிய சக்கரம் தாரை விட்டு இறங்கி ஓர மண்ணில் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் மண், அதற்கப்புறம் கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது. முன்னால் இழுத்தால் விளிம்பு மண் சரியும். பின்னால் தள்ளினால் நேரே பள்ளம். டிரெய்லருக்குத் தனியாக பிரேக் கிடையாது. மொத்தப் பாரத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது பிக்கப்பின் கொக்கி ஒன்றுதான்.

என்ன செய்வது என்று இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஹாரன் கேட்டது. மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள் என்று ஆள் நிறைய இருந்தார்கள். டிரைவர் இறங்கிவந்து படகை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கண்டக்டர் என் கணவரிடம், "சார், இத எப்ப எடுப்பீங்க? பஸ்ஸுல பிளஸ் டூ பிள்ளைக இருக்கு சார். இன்னைக்குக் கணக்குப் பரீட்சை" என்றார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் மேல்படிப்புக்கு அடிவாரத்துப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். அன்றைக்கு மூன்று பெண் பிள்ளைகள் சீருடையில் இறங்கி நின்றார்கள். கிரேன் வரவழைக்கலாம் என்று என் கணவர் போனை எடுத்தார். கண்டக்டர் சிரிக்காமல், "இங்க ஏது சார் டவர்" என்றார். நடந்து இறங்கினால் மதியம் ஆகிவிடும். கீழேயிருந்து ஒரு டூவீலர்கூட மேலே வரவில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எதுவும் பரீட்சை தொடங்குகிற பத்து மணிக்குள் நடக்கிற யோசனையாக இல்லை.

அப்போதுதான் ஒரு பெண் முன்னால் வந்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா. தோட்ட வேலைக்குப் போகிறவர் என்பது கையின் கறையைப் பார்த்தாலே தெரிந்தது. கணக்கு என்றால் மகளுக்கு நடுக்கம் வந்துவிடுமாம், அதனால் வேலையை விட்டுவிட்டுத் துணைக்கு வந்திருக்கிறார். அவர் பிக்கப் வண்டியைக் கைகாட்டி, "சார், இந்த வண்டி கீழ்ப்பக்கம்தான நிக்கிது? இத அவுத்துவிடுங்க. பிள்ளைகள ஏத்திக்கிட்டுப் போயிருங்க" என்றார்.

"அவுத்தா படகு போயிரும்மா" என்றார் என் கணவர்.

"போனாப் போகட்டுங்க. படகு போனா நீங்க வேற வாங்கிக்குவீங்க. எம்புள்ள வருஷம் பூரா முழிச்சுப் படிச்சிருக்கா. நீங்க வெளையாடுறதுக்கு அவ படிப்புத்தானா கெடச்சிச்சு?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. விளையாட்டா? வருஷத்தில் நாலு மாசம் நான் சோறு பொங்குகிற வீடு அது. என் கணவர் ஒவ்வொரு பலகையாகத் தேய்த்துத் தேய்த்து எண்ணெய் போட்ட படகு. நான் வாயைத் திறந்தால் கொஞ்சம் கூடத்தான் பேசுவேன், அது எங்கள் வீட்டுப் பழக்கம். நல்லாக் கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினேன். அந்த மகள் கண்ணில் பட்டாள். அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. பஸ்ஸின் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குச் சூத்திரமாகத்தான் இருக்கும். இரண்டு கையும் பரீட்சை அட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன, விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நான் பேச வந்தது எனக்கே மறந்துபோனது.

என் கணவர் என்னைப் பார்த்தார். படகைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அவுத்துருவோமா?" என்றார், மெதுவாக. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடலில் காற்று மாறி அடித்தபோதுகூட அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கட்டிய இத்தனை வருஷத்தில் அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்த நாள் வேறு இல்லை.

"அவுத்துருவோம். ஆனா படகு எங்கயும் போகாது. நான் கட்டை போடுறேன்" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தைரியம் இருந்தது. எங்கள் அப்பா பழனியில் தேருக்குக் கட்டை போடுகிறவர்களில் ஒருவர். தேரை ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கலாம், நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் கட்டை போடுகிற சில பேர் கையில்தான் இருக்கிறது. கட்டையை நேராக வைத்தால் தேர் நிற்கும். கோணலாகக் கொடுத்தால் சக்கரம் அதில் ஏறி வழுக்கி, தேர் அந்தப் பக்கமாகத் திரும்பும். பெண் பிள்ளை சக்கரத்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்பதால் எனக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. எங்கள் வீடு ரத வீதி முக்கில் இருந்தது. மாடி ஜன்னலிலிருந்து வருஷா வருஷம் அந்தத் திருப்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்பா எங்கே குனிகிறார், எப்போது கையை எடுக்கிறார் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் அன்றைய தேதி வரைக்கும் என் கையால் ஒரு சைக்கிள் சக்கரத்துக்குக்கூட நான் கட்டை போட்டதில்லை. அந்த விஷயத்தை வளைவில் இருந்த யாரிடமும் நான் சொல்லவில்லை.

மலை பஸ் என்றால் சக்கரத்துக்கு வைக்க ஒரு கட்டை எப்போதும் வண்டியில் இருக்கும். டிரைவரிடம் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். இன்னொன்று வேண்டுமே என்று பார்த்தால், ரோட்டோரத்தில் வெட்டிப் போட்ட சில்வர் ஓக் மரம் கிடந்தது. தோட்ட வேலைக்குப் போகிற ஒருவர் அரிவாளோடு இறங்கி, நான் காட்டிய சரிவில் ஒரு துண்டைச் செதுக்கிக் கொடுத்தார். "மதினி, இது போதுமா, இன்னும் கொஞ்சம் சரிக்கணுமா?" என்று கேட்டுக் கேட்டுச் செதுக்கினார். எங்கள் நங்கூரக் கயிறு நல்ல தடிமன், நல்ல நீளம். அதைப் படகின் பின்பக்கம் கட்டி, மேட்டில் நின்ற ஒரு மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையைப் பஸ்ஸில் வந்தவர்கள் கையில் கொடுத்தார் என் கணவர். முடிச்சுப் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளத்துப் பக்கச் சக்கரத்தடியில் போய் உட்கார்ந்தேன். மண்ணைக் கொஞ்சம் தோண்டி, கட்டை நழுவாதபடி படுக்கை போட்டேன். முன்னால் ஒன்று வைத்தேன். உள்பக்கச் சக்கரத்துக்கு இன்னொன்று. டிரெய்லரின் மூக்கைப் பத்துப் பேர் தாங்கிப் பிடித்தார்கள். "விடலாமா?" என்று என் கணவர் கேட்டார். கட்டையை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன்.

கொக்கி விடுபட்டதும் டிரெய்லர் ஒரு குலுக்குக் குலுக்கியது. பள்ளத்துப் பக்கக் கட்டை ஒரு சாண் நகர்ந்தது. என் காலுக்குக் கீழே மண் சரசரவென்று உதிர்ந்து பள்ளத்தில் விழுகிற சத்தம் கேட்டது. மேலே கயிறு விறைத்து, மரத்தில் தேய்ந்து முனகியது. யாரோ "ஏலே, விட்றாதீங்கடா" என்று கத்தினார்கள். நான் கட்டையைக் காலால் உதைத்து உள்ளே தள்ளினேன். அப்பாவின் இடதுகைச் சுண்டுவிரல் ஏன் நசுங்கியிருந்தது என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு படகு அசையவில்லை. கட்டை பிடித்துக்கொண்டது.

என் கணவர் பிக்கப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என்னை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசில்லை. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, வெரசாப் போங்க" என்று நான் சத்தம் போட்ட பிறகுதான் ஏறினார். மூன்று பிள்ளைகளும் ஏறினார்கள். அந்த அம்மா ஏறவில்லை. மகளின் தலையைத் தடவி, "பயப்படாம எழுது, நான் பின்னாலயே வர்றேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு இருந்த பதற்றத்தில், வண்டியில் இடம் இருந்தும் அவர் ஏன் நின்றார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வண்டி அடுத்த வளைவில் மறைந்தது.

இனி பஸ்ஸுக்கு வழி விட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் எங்களால் நிற்கிறார்கள். படகின் பின்பக்கத்தை மேட்டை நோக்கித் திருப்பி, பாறையை ஒட்டி நீளவாக்கில் நிறுத்திவிட்டால் பஸ் போக இடம் கிடைக்கும். முதலில் பாய்மரத்தை அவிழ்த்து ஓரமாகக் கிடத்தினோம். நான் கட்டையைக் கோணலாக மாற்றிக் கொடுத்தேன். மேலே கயிற்றைப் பிடித்தவர்களைப் பார்த்து, "நான் சொல்றப்ப இழுக்கணும், நிறுத்துன்னா நிறுத்தணும்" என்றேன். சொன்ன தோரணையைப் பார்த்து, பரம்பரை பரம்பரையாக நான் இதே வேலையாக இருக்கிறவள் என்று நினைத்துவிட்டார்கள்.

முதல் இழுப்பில் ஒன்றும் நகரவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அப்போது பஸ் டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெற்றிவேல் முருகனுக்கு" என்று குரல் கொடுத்தார். பழனி மலைப் பக்கத்தில் அப்படி ஒரு குரல் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? அத்தனை பேரும் சேர்ந்து "அரோகரா" என்றார்கள். அந்த ஒரு குரலில் அத்தனை கைகளும் சேர்ந்து இழுத்தன. சக்கரம் கட்டையில் ஏறி, வழுக்கி, ஒரு விரற்கடை உள்ளே வந்தது. நான் கட்டையை எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடி குரல், மறுபடி இழுப்பு. மண்ணிலிருந்து தாருக்கு அந்தச் சக்கரம் ஏறியபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்காத வேலை, பெரும்பாறை ரோட்டில் எனக்குக் கிடைத்தது. அதை நான் நன்றாகவே செய்தேன், அடக்கத்துக்காக இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பஸ் உரசாமல் கடந்து போய் நின்றது. எல்லோரும் கையைத் தட்டிக்கொண்டு ஏறினார்கள். நான் டிரைவரின் கட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்காக வேறு கல் தேடினேன். அவர், "வேணாங்கக்கா, அத எடுத்தீங்கன்னா படகு கெளம்பிரும். இருக்கட்டும், கீழ டீக்கடையில குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மலையில் கட்டை இல்லாமல் பஸ் இறக்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

பஸ் போன பிறகு ரோடு அமைதியாகிவிட்டது. நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று நினைத்துத் திரும்பினால், அந்த அம்மா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கயிற்றின் முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இருந்தார். உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது.

"நீங்க பஸ்ஸுல போகலையா?" என்று கேட்டேன்.

"எம்புள்ளைக்காகத்தான அவுத்து விட்டீங்க. நீங்க ஒத்தையில நிக்க, நான் எப்படிப் போறது?" என்றார். கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வாய்க்கு வந்ததப் பேசிட்டேன், மனசுல வச்சுக்கிறாதீங்க" என்றார்.

நானும் பேச வந்தேன், கடைசி நேரத்தில் முழுங்கிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படகில் இருந்த காயத்தைலத்தை எடுத்து அவர் கைக்குப் போட்டுவிட்டேன். அப்புறம் அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அதற்குள் சோறு ஆக்க முடியுமா, கவிழாதா, குளிக்கத் தண்ணீருக்கு எங்கே போவீர்கள், இரண்டு பேரும் சண்டை போட்டால் கோபித்துக்கொண்டு எங்கே போவீர்கள் என்றெல்லாம் கேட்டார். நடுக்கடலில் கோபித்துக்கொண்டால் அவர் முன்பக்கம் போய் உட்காருவார், நான் பின்பக்கம் உட்காருவேன், நடுவில் எட்டு அடிதான் இருக்கும் என்றேன். காற்று மாறினால் பாயைத் திருப்ப இரண்டு பேரும் வேண்டும் என்பதால் எங்கள் சண்டை காற்று மாறும்வரைதான் நிற்கும் என்றும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்புக்கு நடுவிலும் கண் மட்டும் கீழே இறங்கும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. "பெல் அடிச்சிருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் அந்த ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படகு பத்திரமாக நின்று அந்தப் பிள்ளைக்கு நேரம் தப்பியிருந்தால், அந்த அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

பிக்கப் மேலே ஏறி வருகிற சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் எழுந்துவிட்டோம். என் கணவர் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, ஜன்னல் வழியாகவே கையை ஆட்டி, "போயிட்டாங்க, போயிட்டாங்க. கேட்டைச் சாத்துறதுக்குள்ள உள்ள போயிட்டாங்க" என்றார். அந்த அம்மா அப்படியே ரோட்டில் உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லையே, நல்லாத்தான் போட்டிருக்க" என்றார். படகை மறுபடி கோத்து மெதுவாக இறக்கினோம். என் போன் நம்பரைக் கொடுத்து, அந்த அம்மாவைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டோம். கட்டையை டீக்கடையில் கொடுத்தோம். பாய்மரம் மறுநாள் லாரியில் வந்து சேர்ந்தது, நுனியில் ஒரு நசுங்கலோடு.

சித்திரை கழிந்து ஒரு நாள், தேவிபட்டினத்துக்கு அப்பால் நல்ல காற்றில் போய்க்கொண்டிருந்தோம். போன் அடித்தது. அந்த அம்மாதான். "தண்ணியிலயா இருக்கீங்க? படகு நல்லாக் கெடக்கா? சார் நல்லாருக்காகளா?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் சுகம் என்று நான் சொன்ன பிறகுதான், "பிள்ள பாஸாயிட்டாங்க. கணக்குலயும் பாஸு" என்றார். நான் சொல்லச் சொல்ல என் கணவர் சுக்கானைப் பிடித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். உப்புக் காற்று கண்ணில் பட்டுவிட்டது என்றார், நானும் நம்பிய மாதிரி இருந்துவிட்டேன்.

கரையில் யாரைப் பார்த்தாலும் இன்றைக்கும் எங்களிடம் கேட்கிற கேள்வி, "ரெண்டே பேராவா கடல்ல சுத்துறீங்க, பயமா இல்லையா?" என்பதுதான். விளக்கிச் சொல்ல நேரமில்லாமல், ஆமாம், ரெண்டு பேருதான் என்று தலையாட்டிவிடுகிறேன். ஆனால் காற்று ஏறி, நங்கூரக் கயிறு விறைக்கிற ஒவ்வொரு தடவையும், கை உரிய உரிய அந்த வளைவில் இதே கயிற்றைப் பிடித்தவர்கள் இப்போதும் இதன் மறுமுனையைப் பிடித்திருப்பதாகத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன், நிம்மதியாகத் தூங்கியும் விடுகிறேன்.